திருப்பித் தரும் புத்தகமும் அடுத்த புத்தகமும்

பொது நூலகத்தில் வாசகருக்குப் புத்தகம் சொல்லும் வேலை, அவர் முந்தைய புத்தகத்தைத் திருப்பித் தரும்போதே தொடங்கிவிடுகிறது. கிளை நூலகத்தின் வழங்கு மேசையில் பல ஆண்டு உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இதைக் கண்டிருப்பார்கள். புத்தகத்தை மேசைமேல் வைத்த கையோடு சிலர் ஏதாவது சொல்வார்கள். "நல்லா இருந்துச்சு சார்." "பாதியிலேயே வெச்சுட்டேன் மேடம்." "கடைசில அந்தப் பொண்ண இப்படிப் பண்ணிட்டாரே." சிலர் ஒன்றும் பேசாமல் அதே அலமாரிக்குத் திரும்பிப் போவார்கள். பேச்சும் தகவல்தான், மௌனமும் தகவல்தான். பதிவேட்டில் வரவு வைத்துவிட்டுத் தலை நிமிராமல் அடுத்தவரைக் கூப்பிடும் நூலகர் அந்த ஒரு நிமிடத்தை இழக்கிறார். இந்த வாசகருக்கு அடுத்து எதைத் தரலாம் என்பதற்கான குறிப்பில் பெரும்பகுதி அந்த நிமிடத்தில்தான் கிடைக்கும்.

சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவற்றில் இரண்டு இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டவை போலிருக்கும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாம் விதி. இரண்டாம் விதியைப் பின்பற்றுவது ஓரளவு எளிது, வாசகர் கேட்டு வருகிறார். மூன்றாம் விதிதான் நூலகரை நாற்காலியிலிருந்து எழுப்புகிறது. யாரும் தொடாமல் அலமாரியில் நிற்கும் ஒரு நல்ல நாவலுக்கு இந்த ஊரில் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார் என்று நம்பி, அவர் யார் என்று தேட வேண்டியிருக்கிறது. அதே 1931இல்தான் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டியில் புத்தகங்கள் கிராமங்களுக்குப் போயின. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தபின், வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. நூலகத்துக்குள் கால் வைக்காத வீட்டுக்காரரும் அந்த வரியைக் கட்டுகிறார். ஆகவே புத்தகம் சொல்வது நூலகர் மனமிருந்தால் செய்யும் உபகாரமன்று. பணம் கட்டியவருக்குச் சேர வேண்டிய பணி அது.

அலமாரி வரிசை இந்த வேலைக்கு அதிகம் கைகொடுப்பதில்லை. தூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணுக்குள் அடங்குகிறது. புனைகதை எல்லாம் அடுத்த இலக்கமான 3இன் கீழ் ஆசிரியர் பெயர் வரிசையில் நிற்கிறது. புத்தகத்தின் பெயர் தெரிந்தவருக்கு அது போதும். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை முடித்துவிட்டு, அந்த மனநிலை கலையாமல் இன்னொன்று வேண்டும் என்று நிற்பவருக்கு அந்த எண் எதுவும் சொல்லாது. பகுப்பெண் பொருளை அறியும், வாசகரின் மனநிலையை அறியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மேசையில் ஓர் ஆள் தேவைப்படுகிறார்.

"என்ன மாதிரி புத்தகம் வேணும்?" என்ற கேள்வியால் பயன் குறைவு. பெரும்பாலான வாசகர்கள் "நல்லதா ஒண்ணு குடுங்க" என்று சொல்லிவிட்டு நிற்பார்கள். "கடைசியா எது ரொம்பப் பிடிச்சுது? அதுல எது பிடிச்சுது?" என்று கேட்டால் பேச்சு திறந்துகொள்ளும். அமெரிக்காவில் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய நான்சி பேர்ல், ஒரு புத்தகத்துக்குள் வாசகர் நுழையும் வாசல்கள் நான்கு என்று வகுத்தார்: கதை, மாந்தர், களம், மொழி. தமிழ்நாட்டுக் கிளை நூலகத்திலும் இந்த வகுப்பு பிசகாமல் பொருந்துகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்து முடித்த நால்வரை எடுத்துக்கொண்டால், நால்வரும் ஒரே புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

வந்தியத்தேவன் அடுத்து எங்கே மாட்டப்போகிறான் என்று ஓடியவர் கதை வாசல் வழியாக வந்தவர். அவருக்குச் சாண்டில்யனின் 'யவன ராணி'யோ 'கடல் புறா'வோ உடனே பிடித்துப்போகும். தயங்காமல் எடுத்துத் தரலாம். நந்தினியை விட்டு மனம் அகலாமல் இருப்பவர் வேறு ஆள். அவர் சரித்திர நாவலைத்தான் கேட்பார், ஆனால் அவரைப் பிடித்திழுத்தது சரித்திரம் அன்று. நினைத்ததை அடைய முடியாமல், நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ சொல்லவும் முடியாமல் நிற்கிற ஒரு பெண்தான். அவரிடம் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தா'ளைத் தந்து, இது சரித்திரக் கதை இல்லை, காவிரிக் கரையில் நடப்பது, பொறுமையாகப் படியுங்கள் என்று சொன்னால், அலங்காரத்தம்மாளைப் பற்றிப் பேசுவதற்கென்றே அவர் திரும்பி வரக்கூடும். சோழ நாடு எப்படி இருந்தது, இதில் எவ்வளவு உண்மை என்று கேட்பவர் மூன்றாமவர். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' தமிழில் கிடைக்கிறது. அது கனமாகத் தெரிந்தால் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நல்ல இடைப்படி. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலிருந்து எழுந்த நாவல் அது. ராஜாக்களை விட்டு விலகி, துபாஷிகளும் தாசிகளும் குடியானவர்களும் சரித்திரத்தில் எங்கே இருந்தார்கள் என்று காட்டுவது. அதைப் படித்தவரில் சிலர் நாட்குறிப்பையே கேட்டு வருவார்கள். அந்த நாள் ஒரு நூலகருக்கு உண்மையிலேயே நல்ல நாள். நான்காமவர் கல்கியின் நடைக்காக, அந்தச் சிரிப்புக்காகப் படித்தவர். அவருக்குத் தேவனின் 'மிஸ்டர் வேதாந்தம்', 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' போன்றவை ஏற்றவை.

நால்வருக்கும் சேர்த்து "அப்ப 'சிவகாமியின் சபதம்' எடுத்துக்குங்க" என்று சொல்வதும் தவறில்லை. நால்வருமே அதைப் படிப்பார்கள். ஆனால் அந்தப் பதில் கல்கியின் வரிசை தீரும்வரைதான் செல்லும். வரிசை தீர்ந்தபின் வாசகரும் நின்றுவிடுவார். இப்படி நின்றுபோன வாசகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அது வருத்தமான விஷயம்.

குற்றக் கதைகளும் குடும்ப நாவல்களும் படிப்பவர்களை மேலான எழுத்துக்கு 'உயர்த்த' வேண்டும் என்று புதிய நூலகர்கள் அவசரப்படுவதுண்டு. அந்த அவசரம் முகத்தில் தெரியும், வாசகருக்கு அது புண்படும். ராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் அலமாரி அலமாரியாகப் படித்து முடித்தவர் வேகமாகவும் கவனமாகவும் படிக்கத் தெரிந்தவர். துப்பு எங்கே விட்டுப்போயிற்று என்று சொல்லக்கூடியவர். சுஜாதாவின் 'கொலையுதிர் கால'த்தை அவர் ஒரே இரவில் முடித்துவிட்டு வருவார். அதே ஆசிரியர் எழுதியது என்ற ஒரு காரணத்துக்காகவே 'ஸ்ரீரங்கத்து தேவதைக'ளையும் எடுத்துப் போவார். குற்றமோ துப்போ இல்லாத கதைகளில் அவர் முதல்முறையாக நுழையும் இடம் பெரும்பாலும் அதுதான். ரமணிசந்திரன் வாசகர்களுக்கு அனுத்தமாவும் ஆர். சூடாமணியும் பக்கத்து வீடுகள். அங்கிருந்து அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' வரை போக விரும்புபவர் தாமாகவே கேட்டுக்கொண்டு போவார். போகாதவரும் வாசகர்தான்.

இனி, புத்தகம் சொல்பவரின் பக்கம். நூலகர் தாம் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை மேசைமேல் வாசகர் கண்ணில் படும்படி வைத்திருப்பது, எந்தப் பட்டியலையும்விட அதிகம் வேலை செய்கிறது. "அது என்ன சார் புத்தகம்?" என்று கேட்காதவர் அரிது. இருபது ஆண்டுக்கு முன் படித்ததைச் சிபாரிசு செய்யும்போது, உண்மையில் சிபாரிசு செய்வது இருபது வயது குறைந்த வேறொருவர். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வெளிவந்த காலத்தில் அதைப் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். அந்த நினைவில் இன்று கல்லூரி மாணவி ஒருவரிடம் அதைத் தந்தால், அவர் வேறு காதோடு படிப்பார் என்பதை எதிர்பார்க்க வேண்டும். தருவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் படித்துவிட்டால், எதைச் சொல்லித் தருவது என்று தெரிந்துவிடும்.

பாதியில் இருக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொல்லும்போது, எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. மொழி, வேகம், களம், மாந்தரின் உயிர்ப்பு ஆகியவை முதல் கால் பங்கிலேயே தெரிந்துவிடும். நாவலின் கட்டுமானமும் முடிவின் நியாயமும் கடைசிப் பக்கம் வரை தெரியாது. தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும். அதீன் பந்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' நாவலின் பாதியில் இருப்பவர், பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கக் கிராமம், ஆறும் சணல் வயலும், சோனா என்ற சிறுவன், மனம் பேதலித்துத் திரியும் பெரியப்பா என்று சொல்லலாம். கதை எந்தப் பக்கம் போகிறதென்று முதலில் பிடிபடாது, அதற்காக வைத்துவிட வேண்டாம் என்றும் சொல்லலாம். இது மாபெரும் நாவல் என்ற தீர்ப்பு முடித்தபின் வரட்டும். இப்படி அளந்து சொல்வதைக் கேட்ட வாசகர்கள், நூலகர் சொன்னது பொருந்தாமல் போனாலும் மறுபடியும் வந்து கேட்கிறார்கள். எல்லாப் புத்தகத்தையும் அற்புதம் என்பவரிடம் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

பாதியில் கருத்துச் சொல்வது தமிழ் வாசகருக்குப் புதிதும் அன்று. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் 'கல்கி' இதழில் வந்தது. அத்தனை ஆண்டும் அதைப் பற்றிய பேச்செல்லாம் கதையின் நடுவிலிருந்து எழுந்த பேச்சுதான். வாசகர் பேச்சுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு ஜெயகாந்தன் நல்ல சாட்சி. ஆனந்த விகடனில் 1966இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையின் முடிவை ஏற்றும் மறுத்தும் கடிதங்கள் குவிந்தன. முடிவில் மகளை ஏற்றுக்கொள்ளும் தாய் அப்படி ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது. அந்த நாவலுக்குள் நாயகி கங்காவே அந்தச் சிறுகதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். 1972க்கான சாகித்ய அகாதெமி பரிசு அந்த நாவலுக்குக் கிடைத்தது. நாவலைக் கேட்டு வரும் வாசகரிடம் சிறுகதையையும் சேர்த்துத் தருவது நல்ல பழக்கம்.

எழுத்தாளர்களில் இந்த வேலையைத் தம் கடமையாக எடுத்துக்கொண்டவர் க.நா. சுப்ரமண்யம். தாம் படித்ததைப் பிறர் படிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கில் 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் தமிழ் நூல்களைப் பற்றி எழுதினார். உலக நாவல்களையும் அறிமுகப்படுத்தினார். அறிமுகத்தோடு நிற்காமல் நட் ஹாம்சனை 'நிலவளம்' என்றும், பேர் லாகர்குவிஸ்டை 'அன்பு வழி' என்றும் மொழிபெயர்த்துக் கையில் கொடுத்தார். அவர் முறை ரசனை முறை: இது நன்று, இதைப் படி. சி.சு. செல்லப்பாவின் முறை அதற்கு எதிர்த்திசை. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய அவர், ஏன் நன்று என்று வரிவரியாக அலசிக் காட்ட வேண்டும் என்றார். இலக்கிய வரலாற்றில் இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறார்கள். மேசையில் இருப்பவருக்கு இருவரும் தேவை. முதல் அரை நிமிடத்துக்குக் க.நா.சு. போதும். வாசகர் படித்துத் திரும்பி வந்து எதிர்வாதம் செய்யும்போது செல்லப்பாவிடம் போக வேண்டும். எழுத்து பிரசுரத்தின் நூல்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவரும் அதே செல்லப்பாதான். மூன்றாம் விதிக்கு அதைவிடப் பெரிய உதாரணம் தமிழில் இல்லை.

பிடிக்காத புத்தகத்தைப் பற்றி என்ன சொல்வது? நூலகர் தம் வெறுப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் கேட்டால் மறைக்கக் கூடாது. "எனக்கு ஓடலை, உங்களுக்கு ஓடலாம், முதல் அத்தியாயம் இங்கேயே உட்கார்ந்து படிச்சுப் பாருங்க" என்பது போதுமான பதில். வாசகர் பாதியில் நிறுத்தியதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. 50 பக்கம் படித்தும் பிடிக்கவில்லையானால் வைத்துவிடலாம் என்பது நான்சி பேர்ல் சொன்ன கணக்கு. 50 வயதைத் தாண்டியவர் 100இலிருந்து தம் வயதைக் கழித்து, வரும் எண்ணளவு பக்கம் படித்தால் போதும். 70 வயதுக்காரருக்கு 30 பக்கம். ஓய்வுபெற்றவர்கள் நிறைய வரும் கிளையில் இந்தக் கணக்கைச் சொன்னால் பலருக்கு நிம்மதியாக இருக்கும். எடுத்ததை முடித்தே ஆக வேண்டும் என்ற பள்ளிக்கூட பயம் அவர்களை அத்தனை வயதிலும் விட்டிருக்காது.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பது புத்தகத்தைப் பொறுத்தது. 'கொலையுதிர் கால'த்தின் முடிச்சை அவிழ்ப்பது வாசகருக்குச் செய்யும் அநியாயம். 'மோகமுள்'ளில் பாபு, யமுனா, ரங்கண்ணா எல்லாரையும் சொல்லிவிட்டாலும் நாவலுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. முடிவு தெரிந்த ராமாயணத்தை ஆண்டுதோறும் உட்கார்ந்து கேட்ட ஊர் இது. சந்தேகமாக இருந்தால் கதையைச் சொல்லாமல் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

வட்டார நாவல்களில் இந்தத் திறந்து காட்டும் முறை மிகவும் தேவைப்படுகிறது. நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாகர்கோவில் பக்கத்து வாசகருக்கு வீட்டுப் பேச்சு. வேலூர்க்காரர் முதல் பத்துப் பக்கத்தில் திணறுவார். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தோடு அவரே தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் காட்டினால் வாசகர் அதையே தனியாக எடுத்துப் போவதுண்டு. கடலோர ஊர்களில் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எல்லாம் கேட்காமலே போகும். ஆனால் ஆளின் ஊரையும் சாதியையும் கணக்கிட்டு, இது உங்கள் ஆட்களைப் பற்றியது என்று புத்தகம் நீட்டுவது பெரும் பிழை. தன் வாழ்க்கையைப் படிக்க விரும்புகிறவரும் உண்டு, அதிலிருந்து சற்று நேரம் விலகியிருக்கவே நூலகத்துக்கு வருகிறவரும் உண்டு. இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளும் பூமணியின் 'வெக்கை'யும் எல்லா வாசகருக்கும் உரியவை.

துக்கத்தில் இருப்பவருக்குப் புத்தகம் சொல்வதற்குத் தனிக் கவனம் வேண்டும். தாராசங்கர் பந்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்' நாடி பிடித்து மரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடும் ஜீவன் மஷாயின் கதை. முதியவர்களுக்கு அதைவிட ஆழமான நாவல் கிடைப்பது கடினம். ஆனால் வீட்டில் நோயாளி இருக்கும்போது அது தாங்காது. புத்தகம் முழுக்கச் சாவைப் பற்றியது என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, எடுப்பதா வேண்டாமா என்பதை அவரிடம் விட்டுவிட வேண்டும். அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

சில்லறை விஷயங்களும் சிபாரிசைக் கெடுக்கும். கண் மங்கியவருக்குப் பழைய பதிப்பின் பொடி எழுத்து உதவாது. தையல் பிரிந்த புத்தகத்தைத் தந்தால் பக்கம் தொலைந்து பழி அடுத்த வாசகர்மேல் விழும். பல பாகம் கொண்ட நாவலைச் சொல்வதற்கு முன் எல்லாப் பாகமும் அலமாரியில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். 'பொன்னியின் செல்வ'னின் முதல் பாகமான 'புதுவெள்ள'த்தை முடித்துவிட்டு ஓடி வருபவரிடம் அடுத்த பாகமான 'சுழற்காற்று' வெளியே போயிருக்கிறது என்று சொல்ல நேர்வது கொடுமை.

இன்று கிளை நூலக மேசைகளில் பாதியை நிறைத்திருப்பவர்கள் போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள். அவர்களுக்குத் தேவை பாடத்திட்டத்துக்கு ஒத்த புதிய பதிப்பும் சமச்சீர்ப் பாடநூல்களும். அதில் ரசனைக்கு இடமில்லை. பதிப்பு ஆண்டைச் சரிபார்த்துச் சொன்னால் வேலை முடிந்தது. சிறுவர் பகுதியில் நேர்மாறு. வாண்டுமாமாவையோ முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியையோ தேடும் பிள்ளையிடம் அதைத் தந்துவிட்டு, பக்கத்தில் 'டோட்டோ-சான்' புத்தகத்தைச் சும்மா வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். "இத படி, நல்லது" என்று சொன்ன புத்தகத்தைப் பிள்ளைகள் தொடுவதில்லை.

வாசகர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வழி செய்வது நூலகரின் சுமையைக் குறைக்கும். பலன் அதைவிடப் பெரிது. வாசகர் வட்டக் கூட்டத்தில் நூல் விமர்சனம் என்று மேடை போட்டால் பேச்சாளர் மட்டும் பேசுவார். இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று வட்டமாக உட்கார்ந்து கேட்டால் எல்லாரும் பேசுவார்கள். முடிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேச அறிஞராக இருக்க வேண்டியதில்லை என்பதால் கூச்சம் விலகிவிடும். அறிவிப்புப் பலகையில் ஒரு மூலையை ஒதுக்கி, படித்தவர் இரண்டு வரி எழுதி ஒட்டலாம் என்று விட்டால், புதிதாக வந்த நூல்களின் பட்டியலைவிட அந்த மூலையைத்தான் மக்கள் நின்று படிக்கிறார்கள். "தூக்கம் போச்சு, எடுங்க" என்று எழுதியிருந்த புத்தகம் மறுநாள் அலமாரியில் இருக்காது.

எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால் ஒரு குறிப்பேடு வைத்திருப்பது வழக்கம். சொன்ன புத்தகம், யாருக்குச் சொன்னது, திரும்பி வந்தபோது அவர் சொன்ன வார்த்தை, அடுத்துத் தரலாம் என்று தோன்றியது: இவ்வளவு எழுதினால் போதும். பொருந்தாமல் போனவற்றையும் எழுத வேண்டும், அடுத்த முறைக்கு உதவுபவை அவைதான். புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதித் தாளும் கூடவே பேசும். தேதிகள் நெருங்கி விழுந்திருந்தால் வாய்வழிப் பேச்சு நடக்கிறது என்று பொருள். நீண்ட இடைவெளிக்குப்பின் ஒரு தேதி விழுந்திருந்தால் அந்த வாசகரைத் தேடிப் பிடித்து, எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். குறிப்பேட்டில் வாசகர் பெயருக்குப் பதில் உறுப்பினர் எண்ணை எழுதி, அதை மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பது முறை. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவர் வீட்டாருக்குக்கூட அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும். நூலகர் மாறுதலாகிப் போகும்போது, வாசகர் எண்கள் இருக்கும் பக்கங்களை நீக்கிவிட்டு, எந்தப் புத்தகத்துக்குப்பின் எது பொருந்தியது என்ற பக்கங்களை மட்டும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிடலாம்.